மாத்திரைக்கு வாசனை இல்லை

முழுசாகக் குணமான பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். அப்படி ஒரு நாள் வருமா என்று டாக்டரிடம் கேட்டபோது, அவர் பிரஷர் பார்க்கிற பட்டையை என் கையில் சுற்றினார். அதனால் இப்போதே எழுதுகிறேன். இன்றைக்கு என் கை நடுங்கவில்லை. நாளைக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது.

நான் அங்கன்வாடியில் டீச்சராக இருந்தவள். பெயர் தமிழ்ச்செல்வி. பிறந்தது மீன்சுருட்டி, கட்டிக்கொடுத்தது அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில், ரோட்டை ஒட்டிய ஒரு ஊரில். என் கணவர் லோடு வேன் ஓட்டுகிறார். வெங்காயம், முந்திரிக்கொட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். ஒரே மகள் யாழினி. இதெல்லாம் நடந்தபோது பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்து யாராவது போதை என்ற வார்த்தையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் வீட்டில் யாரும் குடிக்க மாட்டார்கள். பொம்பளைக்கு என்ன போதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இதெல்லாம் நடப்பதற்கு நான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபிறகு தூக்கம் வரவில்லை. பத்து நாளைக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். போட்டால் அரைமணியில் உடம்பு பஞ்சாகிவிடும். தூக்கம் மட்டும் இல்லை. நெஞ்சுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுவிடும். அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்ததே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதினோராவது நாள் மாத்திரை இல்லை. தூக்கமும் இல்லை, கூடவே படபடப்பு. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கொடுத்தார்கள். அடுத்த மாதமும் கொடுத்தார்கள்.

முதல் வருஷம் ராத்திரிக்கு ஒன்று. பிறகு காலையில் பாதி. பிறகு மேலதிகாரி வருகிற நாளில் ஒன்று, மாமியார் வீட்டு விசேஷம் என்றால் ஒன்று. ஒரே கடையில் அடிக்கடி வாங்கினால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று ஜெயங்கொண்டத்தில் ஒரு கடை, அரியலூரில் ஒரு கடை என்று மாற்றிக்கொண்டேன். என் அக்கா மலர் குரும்பலூரில் இருக்கிறாள். அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று பெரம்பலூர் பஸ் ஏறுவேன். அக்காவைப் பார்ப்பேன், பொய்யில்லை. அதற்கு முன்னால் இரண்டு கடைகளைப் பார்ப்பேன். நான்காவது வருஷத்தில் ஒரு நாளைக்குப் பத்து மாத்திரை. அப்போதும் நான் நேராக நடந்தேன், சமைத்தேன், வருகைப் பதிவேடு எழுதினேன். யாரும் என்னைக் குற்றமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

யாழினிக்கு மட்டும் தெரியும். தையல் மெஷினுக்குக் கீழே இருந்த டப்பாவில் காலி அட்டைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். அவள் கையை எடுத்து என் தலையில் வைத்து, அப்பாவிடம் சொன்னால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று சொன்னேன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. இதை எழுதும்போதும் எனக்கு அந்தக் கை ஞாபகம் வருகிறது. குளிர்ந்து போயிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை உதவியாளர் அம்மா லீவு. பதினேழு பிள்ளைகள். மதியச் சாப்பாடு கொடுத்து, பாய் விரித்து, எல்லாரையும் படுக்க வைத்தேன். காலையில் இருந்து ஐந்து போட்டிருந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது வெளியே ஒரு லாரியின் பிரேக் சத்தம், பிறகு பல பேர் பேசுகிற சத்தம்.

கனிஷ்கா என்கிற மூன்று வயதுப் பிள்ளை எழுந்து, நான் சரியாகத் தாழ்ப்பாள் போடாத கேட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போயிருக்கிறாள். சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி. டிரைவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோதும் நான் சுவரோரம்தான் கிடந்தேனாம். அவர் என் தோளைத் தட்டி எழுப்பினார். அவர் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. என் உடம்பு நடுங்கவில்லை. மாத்திரை அவ்வளவு நல்ல மாத்திரை.

பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அன்று சாயங்காலமே என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். களைப்பில் தூங்கிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் இருந்த மாத்திரை எல்லாவற்றையும் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். இனி ஒன்று கூட இல்லை, என்ன ஆனாலும் சரி, எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அது திருந்துகிற எண்ணம் என்றுதான் அப்போது தோன்றியது. எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது பல மாதம் கழித்துத்தான் விளங்கியது.

முதல் நாள் தூங்கவில்லை. இரண்டாம் நாள் மிக்ஸி சத்தம் காதுக்குள் ஆணி அடிப்பது போல இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை போன கவலை என்று கணவர் நினைத்தார். மூன்றாம் நாள் காலை காப்பி டம்ளரோடு சமையல்கட்டு வாசலில் விழுந்தேன். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன், வாயோரம் ரத்தம் என்று பிறகு சொன்னார்கள். அரியலூரில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தி, பெரம்பலூர் பக்கம் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள்.

கண் விழித்தபோது பெண்கள் வார்டில் இருந்தேன். நாக்கு தடித்துப் போயிருந்தது. தோள்பட்டையை அசைக்க முடியவில்லை. கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போய்த் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் அறை வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். என் கணவர் என் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். கீழே வைக்கலாமே என்று எனக்குச் சொல்லத் தோன்றியது, நாக்கு புரளவில்லை. தலைக்குள் கட்டியோ ரத்தக் கசிவோ இல்லை என்று சொன்னார்கள். பிறகு தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டி, மூளையில் ஓடுகிற மின்சாரத்தைக் காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார்கள். அதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏற்கெனவே வலிப்பு உண்டா, சின்ன வயதில் காய்ச்சலில் இழுத்திருக்கிறதா, தலையில் அடிபட்டதா என்று வந்த டாக்டர் எல்லாரும் கேட்டார்கள். குடிப்பாரா என்று என் கணவரைப் பற்றித்தான் கேட்டார்கள், என்னைப் பற்றி இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று என்னைக் கேட்டபோது ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அப்போதும் மறைத்தேன். உயிர் போகிற இடத்தில் படுத்துக்கொண்டு மறைத்தேன்.

அக்கா குரும்பலூரிலிருந்து இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டு வந்தாள். நாக்கு எரியும் என்று ரசத்தில் மிளகு போடாமல் வைத்து, சாதத்தைக் குழைத்து ஸ்பூனில் ஊட்டினாள். சொந்தக்காரர்களுக்கு வலிப்பு என்று சொல்ல வேண்டாம், மயக்கம் என்று சொல்லுவோம், யாழினிக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்றாள். செலவைப் பற்றி என் கணவர் என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை. வேன் ஆஸ்பத்திரி வாசலில் லோடு இல்லாமல் நாள் கணக்கில் நின்றதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

அட்மிட் ஆன மறுநாள் மத்தியானம் அது நடந்தது. வார்டில் வெளிச்சம் நன்றாக இருந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, போர்வைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்போது பார்த்தேன், கட்டிலுக்குக் கீழே பிள்ளைகள் படுத்திருந்தார்கள். எல்லாக் கட்டிலுக்குக் கீழேயும். எங்கள் சென்டர் பிள்ளைகள்தான். யாரையும் பயமுறுத்தக் கூடாது என்று மெதுவாக இறங்கி, டிரிப் டியூபோடு தரையில் மண்டியிட்டு எண்ண ஆரம்பித்தேன். பதினாறு வந்தது. மறுபடி எண்ணினேன். பதினாறுதான். ஒரு பிள்ளையைக் காணோம் என்று பக்கத்துக் கட்டில் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நர்ஸ் ஓடி வந்தார். நான் அவரைத் தள்ளிவிட்டு வாசல் பக்கம் தவழ்ந்தேன். இரண்டு பேர் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்துக் கையைத் துணியால் கட்டினார்கள். நான் கத்தவில்லையாம். எண்ணிக்கொண்டே இருந்தேனாம்.

யாழினி அப்போது வார்டில் இருந்தாள். ஸ்கூல் யூனிபார்மோடு நேராக வந்திருந்தாள். டியூட்டி டாக்டர் வந்தபோது அவள் அவரிடம் போய், "அம்மா மாத்திர சாப்புடுவாங்க சார். ஒரு நாளைக்குப் பத்து. நாலு நாளா சாப்புடல" என்றாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "நான் சொன்னதால அம்மா செத்துடுவாங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். இதை என் கணவர்தான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சொன்னதால்தான் நான் பிழைத்தேன். உடனே அதே வகை மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். மாலைக்குள் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

மறுநாள் மனநல டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிற அம்மா. என் கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்து விளக்கினார். நம் மூளையில் ஓடுவதற்கு ஒரு ஏற்பாடு, நிறுத்துவதற்கு ஒரு ஏற்பாடு இரண்டும் இருக்கிறது. இந்த மாத்திரை நிறுத்துகிற வேலையைச் செய்கிறது. வருஷக்கணக்கில் போட்டால், நமக்கு வேலை இல்லை என்று மூளை தன் சொந்த பிரேக்கை மறந்துவிடுகிறது. மாத்திரையைத் திடீரென்று எடுத்தால் பிரேக் இல்லாத வண்டிதான். வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், சில பேருக்கு உயிரும் போகும். என் கணவர் டிரைவர் என்பதால் பிரேக் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்ட மாதிரி என்று அவரே சொன்னார்.

டாக்டர் என்னைப் பார்த்து, "நிறுத்தணும்னு நெனச்சது தப்பில்லம்மா. ஒரே நாள்ல நிறுத்துனீங்க பாருங்க, அது மாத்திரைய நிறுத்துறதில்ல. உங்களயே நிறுத்துறது" என்றார்.

இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், எட்டு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம், அதுவரை மாத்திரை உங்கள் கையில் இருக்கக் கூடாது என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. தண்டனை கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். தினமும் மாத்திரை போட்டுக்கொண்டே விட வேண்டும் என்றால் அதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

அங்கே போதை மறுவாழ்வுக்கென்று தனியாக இருந்த வார்டு ஆண்களுக்கானது. என்னைப் பெண்கள் வார்டிலேயே வைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு நடக்கிற கூட்டத்துக்கு மட்டும் அங்கே அனுப்பினார்கள். முதல் நாள் போனபோது வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பதினோரு ஆண்கள். ஒருவர் எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுத்து, நீங்கள் யாருடைய சம்சாரம் என்று மரியாதையாகக் கேட்டார். வட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தாங்க பேஷண்ட்டு" என்றேன்.

கூட்டத்தை நடத்தியது நஸ்ரின் என்கிற ஆலோசகர். இருபத்தெட்டு வயது இருக்கலாம். என்னைத் தனியாகப் பிரித்துப் பேசாமல், அடுத்தவரைப் பேசச் சொல்லும்போது என் பெயரையும் சேர்த்துச் சொன்னார். என்ன போதை என்று கேட்டார்கள், சொன்னேன். சாராயம், பிராந்தி என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் தூக்க மாத்திரை என்று சொல்ல எனக்கே சின்னதாகத்தான் பட்டது. ஒருவர் சிரித்தார். நாற்காலி கொடுத்தவர் சிரிக்கவில்லை. அவர் பெயர் முருகேசன், பூலாம்பாடிக்காரர், வயரிங் வேலை செய்கிறவர், மூன்றாவது முறையாக அட்மிட் ஆகியிருந்தார். மஞ்சள் பூத்த கண்ணோடு என்னைப் பார்த்தார்.

"நான் குடிச்சிட்டு வூட்டுக்குப் போனா வாசல்லயே எம் பொண்டாட்டி கண்டுபுடிச்சிடும். வாசன காட்டிக் குடுத்துடும். உங்களுக்கு அதுவும் இல்லியேம்மா. யாருமே தடுக்க வழியில்லாம போயிருச்சே" என்றார்.

நான்கு வருஷத்தில் எனக்காக ஒருவர் வருத்தப்பட்டது அதுதான் முதல் முறை. அங்கேயே அழுதேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தார். நான்கு நாள் கழித்து அவர் யாரிடமும் சொல்லாமல் வார்டைவிட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு என்ன ஆனார் என்று தெரியாது.

நஸ்ரின் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். மாத்திரை போட வேண்டும் என்று தோன்றும்போது மனதுக்குள் என்ன வாக்கியம் ஓடுகிறதோ அதை அப்படியே எழுத வேண்டும். அலங்காரம் வேண்டாம், நியாயமும் வேண்டாம். மாத்திரை என் கையில் இல்லாததால் நாள் முழுக்கத் தோன்றிக்கொண்டே இருந்தது; நிறைய எழுதினேன். ஒரு வாரம் கழித்து இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். முதல் மாத்திரைக்கு முன்னால் வருவது எப்போதும் பயமாக இருந்தது: நெஞ்சு அடிக்கிறது, ஏதோ நடக்கப் போகிறது. பழைய நாட்களை யோசித்துப் பார்த்தால், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் முன்னால் பயம் இல்லை. அங்கே வேறு ஒரு வாக்கியம். போட்டுட்ட, கெட்டது கெட்டாச்சு, இனி நீ நல்லவளா இருந்து என்ன ஆவப்போவுது. நான் போட்ட பத்தில் ஒன்றுதான் தூக்கத்துக்கும் படபடப்புக்கும். மீதி ஒன்பதும் இந்த வாக்கியத்துக்கு.

இந்தக் குரல் எப்போதிலிருந்து என்று நஸ்ரின் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குத் தப்பானால் முழுப் பக்கத்தையும் கிழிக்கிற பிள்ளையாக இருந்தேன், அது மட்டும் ஞாபகம் வந்தது. அதைக் கேட்டு அவர் பாராட்டவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. "அந்தக் குரல் வராம இருக்க வழி எனக்குத் தெரியலக்கா. வந்தா, அடுத்த மாத்திரைக்கு முன்னாடி யாருகிட்டயாவது சொல்லிடுங்க. அவ்வளவுதான் இப்ப முடியும்" என்றார்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை டப்பா என் கணவரிடம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் குறைக்க வேண்டும். காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் பிளேடால் வெட்டி, உள்ளங்கையில் வைத்து, தண்ணீரோடு கொண்டு வருவார். நான் விழுங்கினேனா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்ல டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவருக்கு அதைக் கேட்கக் கூச்சம். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நானே வாயைத் திறந்து காட்டுவேன்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னால் முடியவில்லை. தோல் முழுக்க உரித்து வைத்த மாதிரி இருந்தது. ஒன்று கொடுங்கள், ஒரே ஒன்று என்று கேட்டேன். பிறகு அவர் காலில் விழுந்தேன். பிறகு அவரையும் அவர் அம்மாவையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய், வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிப் பூட்டிக்கொண்டார். நான் தெருவில் நின்று கண்ணாடியைத் தட்டினேன். காலை பத்து மணி. குடத்தோடு குழாயடிக்குப் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். வெயில் ஏறி உள்ளே வெந்திருக்கும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று கடைசியில் நானே கெஞ்சினேன். நம்பவில்லை, இறக்கவில்லை. யாழினி வந்து என் இடுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஊருக்கு அன்றைக்குத்தான் முழுக்கத் தெரிந்தது. அக்கா சொல்லி வைத்த மயக்கக் கதை அதோடு முடிந்தது.

அந்த வாரத்தில் கனிஷ்காவின் அம்மா ராதிகா வீட்டுக்கு வந்தாள். முந்திரிக்கொட்டை பொறுக்கவும் களை எடுக்கவும் போகிறவள். வேலை முடித்து நேராக வந்திருந்தாள், கையில் மண் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவல டீச்சர். ஆயிருந்தா உங்கள வுட்டுருக்க மாட்டேன். அதுக்காவ நீங்க சாவணும்னு நான் நெனக்கல. ஊர்ல அப்படிப் பேசிக்கிறாங்க, நான் சொன்னேன்னு. நான் சொல்லல. அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்" என்றாள்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. வாசல் வரை போனவள் திரும்பி, "ஆனா இனிமே புள்ளய உங்ககிட்ட அனுப்ப மாட்டேன். அதயும் சொல்லிடுறேன்" என்றாள். அதில் கோபம் இல்லை. அவள் சொன்ன இரண்டும் எனக்குத் தேவைப்பட்டது என்று நஸ்ரினிடம் அடுத்த முறை சொன்னேன். பேப்பரில் எழுதும்போது, நான் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை என்ற முதலாவதை எழுத மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதி வைத்திருந்தேன். அவர்தான் அதைச் சுட்டிக் காட்டினார்.

எட்டாம் மாதம். பத்தாக இருந்தது ஒன்றரையாக இறங்கியிருந்தது. செக்கப்புக்குப் போக வேண்டிய அன்றைக்கு என் கணவருக்கு லோடு இருந்தது. தனியாகப் போய்விட்டு வருகிறேன் என்று நானே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சரி என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் லீவு, மறுநாள் வரச் சொன்னார்கள். நஸ்ரின் ஒரு டிரெய்னிங்கில் இருந்தார். திரும்பப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றபோது அங்கன்வாடி ஆபீசிலிருந்து போன் வந்தது. விசாரணை முடிந்துவிட்டது, வேலை இனி இல்லை, கடிதம் தபாலில் வரும். சொன்னவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

அடுத்து நான் எதையும் முடிவு செய்ததாக ஞாபகம் இல்லை. கால் பழைய கடைக்குப் போனது. கடையில் இருந்தவருக்கு என் முகம் மறக்கவில்லை. அக்காவைப் பார்க்க வந்தீங்களா என்று கேட்டுக்கொண்டே பத்து மாத்திரை உள்ள அட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் வாங்கி இரண்டு போட்டேன். துறையூர் பஸ் நிற்கிற பக்கம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அந்தக் குரல் வந்தது, எதிர்பார்த்த மாதிரியே. எட்டு மாசமும் போச்சு, இனி என்ன, முழுசாப் போட்டுட்டுப் படு.

எனக்குத் தைரியம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. குரல் சொல்வது சரி என்றே பட்டது. அதை மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. யாரிடமாவது சொல்லிவிடுங்கள் என்றது மட்டும் ஒரு உத்தரவு போல ஞாபகம் இருந்தது. போனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு போட்டுட்டேங்க. மீதி எட்டு கையில இருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் வேன் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஓரமாக நிறுத்துகிற சத்தம். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"அங்கயே இரு. எந்திரிக்காத. வரேன்" என்றார்.

அவர் அரியலூர் தாண்டி இருந்தார், பின்னால் முழு லோடு சின்ன வெங்காயம். வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒன்றரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்தது, போனது. பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அட்டையைத் தூக்கி எறியலாம் என்று நினைத்தேன், கை வரவில்லை. பைக்குள் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். ஒரு மணி நேரம் தாண்டியதும் இன்னொன்றைப் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தலைவலிக்குப் போடுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். கையை நீட்டினார். அட்டையைக் கொடுத்தேன். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். மறுபடி ஒரு முறை எண்ணினார்.

"இன்னொண்ணு போட்டுட்டேன்" என்றேன். அவரைப் பார்க்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்கும்படி அடித்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று கூட நினைத்தேன்.

அவர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துப் பட்டனைப் போட்டார். என் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஏழு மிச்சம் இருக்குல்ல" என்றார். பிறகு, "ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.